ஒரு எண் தள்ளி

அத்தியாயம் 11

மன்னிப்புக் கடிதத்தைச் செழியன் இரண்டு பிரதி எடுத்து வந்திருந்தான். ஒன்று கசங்கிப் போனால் இன்னொன்று இருக்கட்டும் என்று.

இவ்வளவு முன்யோசனை உள்ளவன், தான் செய்து கொடுத்த வெப்சைட்டுக்கு ஒரு பாஸ்வேர்டு வைக்க மறந்திருந்தான்.

அதில் தொடங்கியதுதான் எல்லாம். போன மாதம் இனியா, வேட்டவலம் ரோட்டில் ஒரு பரிசோதனை நிலையத்தில் தைராய்டுக்கு ரத்தம் கொடுத்தாள். ரிப்போர்ட்டைப் பார்க்கச் சொல்லி போனுக்கு ஒரு லிங்க் வந்தது. போனில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிகிறதென்று வீட்டு லேப்டாப்பில் அதைப் பார்த்துப் பார்த்து அடித்தாள். கடைசி எண் தவறிவிட்டது. திரையில் வந்தது யாரோ ஒரு பெரியவரின் சர்க்கரை அளவு. அவர் பெயர், ஊர், போன் நம்பர் சகிதம்.

நிஜமாகத்தான் இப்படியா என்று இன்னொரு எண்ணைப் போட்டுப் பார்த்தாள். இன்னொருவர் வந்தார். உடனே மூடிவிட்டாள்.

அந்த வெப்சைட்டைச் செய்தது செழியனின் கம்பெனி. செழியன் அவளுக்கு நிச்சயமான மாப்பிள்ளை. அவனிடம்தான் முதலில் சொன்னாள். "யார்கிட்டயும் சொல்லாத, நான் பாத்துக்கறேன்" என்றான். பார்த்துக்கொள்ளவில்லை. சில நாள் பொறுத்துவிட்டு நிலையத்துக்கே எழுதினாள். அவர்கள் நன்றி சொல்லவில்லை. தங்கள் கம்ப்யூட்டரை ஒரு பெண் ஹேக் செய்துவிட்டதாகச் சைபர் கிரைமில் புகார் கொடுத்தார்கள்.

அந்தப் பெண்ணுக்கு இன்று விசாரணை.

"இதுல கையெழுத்துப் போட்டுடு, இனியா. சென்டர்க்காரங்க வாபஸ் வாங்கிப்பாங்க. நான் பேசிட்டேன்," என்றான் செழியன். சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தான். இனியாவின் அம்மா ராஜம்மாள் வருங்கால மருமகனுக்கு வைத்த காபி ஆறிக்கொண்டிருந்தது.

இனியா கடிதத்தை வாசித்தாள். 'ஆர்வக்கோளாறினால் தங்கள் கணினி அமைப்பை ஹேக் செய்துவிட்டேன்' என்று முதல் வரியிலேயே இருந்தது.

"ஹேக்னா இன்னாங்க?"

"அனுமதி இல்லாம ஒரு சிஸ்டத்துக்குள்ள போறது."

"அங்க அனுமதி யாரு கேட்டாங்க? பாஸ்வேர்டு கேட்டுச்சா, ஓடிபி கேட்டுச்சா? எந்த நம்பர் போட்டாலும் எவனோட ரிப்போர்ட்டாவது வந்து நிக்குது."

"டெக்னிக்கலா பாத்தா, நீ அட்ரஸ மேனிபுலேட் பண்ணியிருக்க."

"எட்டுக்குப் பதிலா ஒன்பது அடிச்சதுக்கு இவ்ளோ பெரிய பேரா?"

செழியன் சிரித்தான். ஒன்றும் தெரியாதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "இது கெமிஸ்ட்ரி இல்ல. உனக்குச் சொன்னாலும் புரியாது."

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு கீழ்பென்னாத்தூரில் ஒரு கடலை எண்ணெய் மில்லில் தரம் பார்க்கிற வேலை செய்பவள் அவள். கலப்பட எண்ணெய் கொண்டுவருகிறவர்களும் இப்படித்தான் சிரிப்பார்கள். டெஸ்ட்டியூபைக் கையில் எடுக்கும் வரைக்கும்.

"எனக்குப் புரிய வேணாம். உங்களுக்குப் புரிஞ்சுதா? நான் சொன்ன அன்னைக்கே ஒரு பாஸ்வேர்டு வெச்சிருந்தா இந்தக் கடுதாசிக்கு வேலையே இல்ல."

"போட்டுத் தொலையேண்டி," என்றாள் ராஜம்மாள். "ஒரு கையெழுத்துதான். மண்டபம் சொல்லியாச்சு, பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. போலீஸு கேஸுனு ஊர்ல பேச்சு வந்தா நல்லாவா இருக்கும்?"

"செய்யாததைச் செஞ்சேன்னு எழுதிக் குடுத்தா மட்டும் நல்லா இருக்குமாம்மா?"

அப்போதுதான் மணிவேல் அறையிலிருந்து வெளியே வந்தான். இனியாவுக்கு அண்ணன். அப்பா போன பிறகு தன்னைக் குடும்பத் தலைவனாக நியமித்துக்கொண்டவன். மனை விற்கிறான். 'ஜன்னலைத் திறந்தால் அண்ணாமலை' என்று போர்டு வைத்து, மலை எந்தத் திசை என்று கேட்டால் கையைச் சுற்றிக் காட்ட வேண்டிய இடங்களில்.

"படிச்ச திமிரு," என்றான். "மாப்பிள்ள இவ்ளோ தூரம் இறங்கி வராரு. உனக்கு எதுக்கு அடுத்தவங்க ரிப்போர்ட்டு? பொண்ணுன்னா ஒரு அடக்கம் வேணாம்? நம்ம குடும்பத்துல எவனாவது இப்படிப் பண்ணியிருக்கானா?"

செழியன் மணிவேலை ஒரு கணம் பார்த்தான். பிறகு காபியை எடுத்து ஒரே மூச்சில் குடித்தான். அந்தப் பார்வை இனியாவுக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு பிரதிகளையும் மடித்து அவன் பக்கமே தள்ளினாள். "ஸ்டேஷன்ல கேப்பாங்க இல்ல, அங்க சொல்லிக்கறேன்."

"போலீஸுக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. மாட்டிக்குவ."

"உங்களுக்குத் தெரிஞ்சு நான் இவ்ளோ மாட்டியிருக்கேன். அவங்களுக்குத் தெரியாம எவ்ளோ மாட்டுவேன், பாக்கலாம்."

பொம்பளைப் பிள்ளை தனியாகப் போகக் கூடாது என்று மணிவேல் காரை எடுத்தான். வழி முழுக்க, ஸ்டேஷனில் தனக்கு எத்தனை பேரைத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தான். வாசலில் நின்ற காவலருக்கு இவனைத் தெரியவில்லை. பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார்.

சப் இன்ஸ்பெக்டர் அன்புச்செல்விக்கு ஜலதோஷம். மேஜைமேல் கசாயமும் கம்ப்யூட்டரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. உட்காரச் சொன்னதும் மணிவேல் ஆரம்பித்துவிட்டான்.

"மேடம், நம்ம பொண்ணுதான். தெரியாம பண்ணிட்டா. நான் வீட்டுல கண்டிச்சுட்டேன்."

"உங்க பேர்ல புகார் இல்லையே சார். அவங்க பேசட்டும்."

இனியா நடந்ததைச் சொன்னாள். முதல் எண் தவறி அடித்தது. இரண்டாவது எண் வேண்டும் என்றே அடித்தது. மறைக்கவில்லை.

"வீட்டுக் கதவு திறந்து கெடந்தா உள்ள போறது தப்பாங்கற மாதிரிதான் மேடம் இது..."

"வீட்ட விடும்மா." அன்புச்செல்வி மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சேர்ல உக்கார்றவங்க எல்லாரும் வீடு, கதவு, பூட்டுனு ஒரு கதை சொல்றாங்க. திறந்து கெடந்துச்சுன்னு அவனும் சொல்றான், உடைச்சுட்டான்னு இவனும் சொல்றான். எனக்குக் கதவு வேணாம். ரெண்டாவது நம்பர் அடிச்சப்ப உன் மனசுல இன்னா இருந்துச்சு?"

"என் ரிப்போர்ட்டையும் இப்படித்தானே எவனோ பாப்பான்னு இருந்துச்சு."

"அப்பால?"

"மூடிட்டேன்."

அன்புச்செல்வி தலையாட்டினாள். "பூட்டு இல்லேன்றதுக்காக அனுமதி குடுத்ததா ஆயிடாது. அந்த ரெண்டாவது நம்பர் நீ அடிச்சிருக்கக் கூடாது. தெரிஞ்சுக்க. சட்டப்படி அதுக்கும் கேள்வி உண்டு. ஆனா ஏமாத்தணும், எடுத்துக்கணும், கெடுக்கணும்னு போனானான்னுதான் கிரிமினல் கேஸுல நாங்க பாக்கறது. நீ பாத்த, சொன்ன. அது வரைக்கும் எனக்குப் புரியுது."

"அது வரைக்குமா?"

"சென்டர்க்காரங்க சர்வர் பதிவு குடுத்திருக்காங்க. யாரு, எந்த இணைப்புல இருந்து, எப்ப பாத்தாங்கன்னு அதுல நிக்கும். அன்னைக்கு ராத்திரி உங்க வீட்டு இணைப்புல இருந்து நீ பாத்த ரெண்டும் இருக்கு. சரி. மறுநாள் மத்தியானம் அதே இணைப்புல இருந்து, உன் நம்பர்ல ஆரம்பிச்சு ஒண்ணொண்ணா கீழ இறங்கிப் போயிருக்கு. பேரு தேடற மாதிரி. ஒருத்தங்க ரிப்போர்ட்டு வந்ததும் நின்னுடுச்சு. அத மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து, டவுன்லோடும் பண்ணியிருக்கு." கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுத்தாள். "அடி அண்ணாமலையில கீதாஞ்சலின்னு யாரையாவது தெரியுமா?"



தெரியும். கீதாஞ்சலி, மணிவேலுக்குப் பார்த்த பெண். எல்லாம் கூடி வந்து, தட்டு மாற்ற நாள் குறிக்கிற நேரத்தில் ஜாதகம் சரியில்லை என்று அம்மா நிறுத்திவிட்டாள். ஏற்கெனவே ஒரு தடவை பொருந்திய ஜாதகம்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ரத்தம் கொடுத்த அன்று அந்த நிலையத்தில் கீதாஞ்சலியும் உட்கார்ந்திருந்தாள். இனியாவுக்குக் கொஞ்சம் முந்தைய டோக்கன். அதை அன்று இரவுச் சாப்பாட்டின்போது வீட்டில் சொன்னது இனியாதான். எண்ணை மாற்றினால் அடுத்தவர் ரிப்போர்ட் வருகிறது என்று அதே சாப்பாட்டில் சொன்னதும் அவள்தான்.

மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்த்தாள். மணிவேல் சுவரில் ஒட்டியிருந்த விழிப்புணர்வு போஸ்டரைப் படித்துக்கொண்டிருந்தான். 'உங்கள் ஓடிபியை யாரிடமும் பகிராதீர்கள்.' ஒரு வரிதான். ரொம்ப நேரம் படித்தான்.

"மறுநாள் மத்தியானம் வீட்டுல யாரு இருந்தாங்க?" என்றாள் அன்புச்செல்வி.

"இவதான் மேடம்," என்றான் மணிவேல், போஸ்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அன்னைக்கு இவ வேலைக்குப் போகல. தலைவலின்னு படுத்திருந்தா."

இதைச் சொல்ல அவன் யோசிக்கக்கூட இல்லை. குரலில் ஒரு நடுக்கம் இல்லை. மலை தெரியாத மனைக்கு மலை தெரியும் என்று சொல்கிற அதே குரல்.

அழுகை வரும் என்று இனியா நினைத்தாள். வரவில்லை. வந்தது ஓர் அருவருப்பு. சிக்குப் பிடித்த எண்ணெயை மூடி திறந்து மோந்தால் வருமே, அது.

"மில்லுல கைரேகை வெச்சாத்தான் மேடம் உள்ள விடுவாங்க," என்றாள். "நான் அன்னைக்குப் போயிருக்கேன். சாயந்தரம்தான் வெளிய வந்தேன். நீங்களே கேட்டுக்கலாம். வீட்டுல இருந்தது எங்கம்மா. எங்கம்மாவுக்கு லேப்டாப்ப எந்தப் பக்கம் திறக்கணும்னு தெரியாது." கொஞ்சம் நிறுத்தினாள். "இன்னொருத்தரு எங்கண்ணன்."

"ஏய்," என்றான் மணிவேல்.

"சத்தம் வேணாம் சார்," என்றாள் அன்புச்செல்வி. கசாயத்தை ஒரு வாய் குடித்தாள். "உங்களுக்கு இப்ப அவசர வேல எதுவும் இல்லையே? உங்க போன மேஜைமேல வெச்சுட்டுப் பேசுங்க."

மணிவேலை விட்டது மத்தியானத்துக்கு மேல்தான். போனை வாங்கி வைத்துக்கொண்டு, நாளைக்கு லேப்டாப்போடு வரச் சொல்லியிருந்தார்கள். காரில் ஏறியதும் ஸ்டியரிங்கில் ஓங்கி ஒரு குத்து விட்டான்.

"கூடப் பொறந்தவனைக் காட்டிக் குடுத்துட்ட."

"நீ இன்னா பண்ண, அதே ரூம்ல?"

"நீ பொண்ணு. உன்னை மெரட்டி விட்டுடுவாங்க. எனக்கு வியாபாரம் இருக்கு, பேரு இருக்கு."

இனியா சீட் பெல்ட்டை மாட்டினாள். இதற்குப் பதில் சொன்னால், இதைப் பதிலுக்குத் தகுந்த பேச்சாக ஒப்புக்கொண்டதாகிவிடும்.

"இதுல இன்னா பெரிய ஹேக்கு?" அவனே தொடர்ந்தான். "கட்டிக்கப் போற பொண்ணப் பத்தி விசாரிக்கறது இல்லையா? தெருவுல கேப்போம், ஸ்கூல்ல கேப்போம். நான் கம்ப்யூட்டர்ல கேட்டேன்."

"யாரைக் கேட்ட? அவளைக் கேட்டியா?"

அவன் வண்டியைக் கிளப்பினான்.

வீட்டில் ராஜம்மாளிடம் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. சோற்றைப் போட்டுக்கொண்டே பேசினாள்.

"நான்தான் தரகர்கிட்ட சொன்னேன். ஜாதகம்னா நம்ப மாட்டேன்றாங்க. பொண்ணுக்கு ஏதோ ஹார்மோன் குறையாம், கொழந்தை நிக்காதாம்னு லேசாக் காதுல போட்டேன். உள்ளதத்தானே சொன்னோம்?"

"உள்ளதா? அந்த ரிப்போர்ட்ட உங்களுக்கு யாரு படிச்சுச் சொன்னாங்க?"

"மணிதான். சிவப்பு எழுத்துல ஜாஸ்தின்னு போட்டிருந்துச்சாம்."

எனக்கும்கூட சிவப்பு எழுத்துதான் வந்தது, என்று இனியா சொல்ல வாயெடுத்தாள். அவளுடைய தைராய்டும் ஜாஸ்தி என்றுதான் வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதினார். அம்மாதான் தினமும் காலையில் தண்ணீரோடு கொண்டுவந்து கொடுக்கிறாள், செழியன் வீட்டுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று டப்பாவைப் பருப்புக்குப் பின்னால் வைத்துவிட்டு.

அதை விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

"சாப்புட்டுப் போடி," என்றாள் ராஜம்மாள். அவளுக்கு எந்த நேரத்திலும் சாப்பாடு முக்கியம்.

ஷேர் ஆட்டோ கிரிவலப் பாதையில் இறக்கிவிட்டது. பௌர்ணமி இல்லாத நாள். அடி அண்ணாமலையில் பாதிக் கடைகள் படுதா போட்டுக் கிடந்தன. கீதாஞ்சலியின் வீட்டை விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. பெண் பார்க்கப் போனபோது வந்திருக்கிறாள்.

முன்னறையில் மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி, கீதாஞ்சலி கல்யாண ரவிக்கை ஒன்றுக்கு ஆரி ஊசியால் பூவேலை செய்துகொண்டிருந்தாள். இனியாவைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. உட்காரச் சொல்லவும் இல்லை.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லுங்க. காது இருக்கு."

நின்றபடியே சொன்னாள். லிங்க், தவறிய எண், சாப்பாட்டில் தான் பேசிய பேச்சு, மணிவேல் செய்தது, அம்மா தரகரிடம் சொன்னது. எதையும் பூசவில்லை. சொல்லச் சொல்ல, தன் பங்கு தான் நினைத்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

கீதாஞ்சலியின் ஊசி நிற்கவே இல்லை. துணிக்கு மேலே ஒரு குத்து, கீழே ஒரு இழுப்பு. ஒரு மயிலின் கழுத்து முடிந்துகொண்டிருந்தது.

"ரெண்டு மாசம் மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்னு டாக்டர் சொன்னாங்க," என்றாள். "அது ரிப்போர்ட்ல எழுதியிருக்காது. டாக்டர் வாயில சொன்னது. அதனால உங்கண்ணனுக்குத் தெரிஞ்சிருக்காது, பாவம்."

"கீதாஞ்சலி..."

"இந்தத் தெருவுல எனக்குக் கொழந்தையே பொறக்காதுன்னு பேசிக்கறாங்க. அடுத்ததா வர இருந்தவங்களும் வரல. ரவிக்கை தைக்கக் குடுத்த ஒரு அம்மா, கல்யாணத் துணி, வேற கையில குடுக்கறேன்னு திரும்ப வாங்கிட்டுப் போயிட்டாங்க. உங்க வீட்டுல அதுக்குப் பேரு விசாரிக்கறது, இல்ல?"

இனியா தலை குனிந்தாள். "புகார் குடுங்க. எங்கண்ணன் பேர்ல. நான் சாட்சி சொல்றேன். இன்னைக்கு ஸ்டேஷன்லயே சொல்லிட்டேன்."

கீதாஞ்சலி முதல் முறையாக ஊசியை நிறுத்தினாள். அவள் முகத்தில் வந்தது சிரிப்பா இல்லையா என்று சொல்வது கஷ்டம்.

"நேத்து சாயந்தரம் ஒருத்தரு வந்தாரு. நீட்டா டிரஸ் பண்ணிக்கிட்டு, லேப்டாப் பை மாட்டிக்கிட்டு. என் ரிப்போர்ட்ட யாரு பாத்தாங்கன்னு கண்டுபுடிச்சுட்டதாச் சொன்னாரு."

"செழியனா?"

"அதே பேருதான். நான் அந்தப் பொண்ணக் கட்டிக்க இருந்தவன், எனக்கே கஷ்டமா இருக்கு, ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்கு இல்லன்னாரு. பாத்தது இனியாதான்னாரு. புகார எழுதியே எடுத்துட்டு வந்திருந்தாரு. ரெண்டு பிரதி."

வெளியே ஒரு வேன் போயிற்று. 

மறுநாள் மத்தியானம் கீதாஞ்சலியின் ரிப்போர்ட்டை மட்டும் தேடியது யார் என்று, சர்வர் பதிவைப் பார்த்த செழியனுக்குத் தெரிந்திருக்கும். அந்த நேரத்தில் இனியா மில்லில் இருப்பாள் என்பதும் அவனுக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நேற்று இங்கே வந்திருக்கிறான். இங்கே இப்படி ஒரு காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டுதான் இன்று காலை சோபாவின் நுனியில் உட்கார்ந்து, உன்னைக் காப்பாத்தறேன் என்று இன்னொரு காகிதத்தை நீட்டியிருக்கிறான். வெப்சைட்டுக்குப் பூட்டு இல்லை என்ற பேச்சு எழாமல் இருக்க, அவனுக்கு ஒரு திருடி வேண்டியிருந்தது. அண்ணனைவிட இவன் ஒரு படி கீழே.

"கையெழுத்துப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"அதுல இன்னா எழுதியிருந்துச்சு?"

"படிக்கல," என்றாள் கீதாஞ்சலி. "என்னோடத நீங்க எல்லாரும் படிச்சீங்க இல்ல. எனக்கு எதையும் படிக்கப் பிடிக்கல."

"அத வாபஸ் வாங்கிக்கங்க. அது உண்மை இல்ல."

"எது உண்மைன்னு எனக்கு எப்படித் தெரியும்? அவரு உங்களைக் காட்டறாரு. நீங்க உங்கண்ணனைக் காட்டறீங்க. நாளைக்கு உங்கண்ணன் வந்து யாரைக் காட்டுவாரோ." நூலை எடுத்து ஊசியில் மாட்டினாள். "எனக்கு உங்க மூணு பேர்ல யாரும் ஒசத்தி இல்ல. நம்பரு தப்பா அடிச்சவங்க, தேடி அடிச்சவங்க, பூட்டாம விட்டவங்க. ஊரு பேசினது என்னை."

 காலையிலிருந்து எல்லோரையும் அளந்துகொண்டு வந்த இனியாவை, இப்போது ஒருத்தி உட்கார்ந்த இடத்திலிருந்தே அளந்துவிட்டாள்.

"நாளைக்கு என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்னாரு அவரு. காரே அனுப்பறாராம்," என்றாள் கீதாஞ்சலி. "நான் பஸ்ஸுல வருவேன். உங்க எல்லாரையும் அங்க ஒண்ணா நிக்க வெச்சுப் பாக்கணும்."

"வந்து?"

"வந்து யாரு பேரைச் சொல்றதுன்னு இன்னும் முடிவு பண்ணல."

மயிலின் கண்ணுக்கு ஒரு மணி தேடி, கிண்ணத்தில் விரலை விட்டாள்.